நடுப்பாலம்

தனக்குச் சாவு வந்துவிட்டது என்று முனாப் முதன்முதலாக நம்பியது கல்லடிப் பாலத்தின் மேலேதான்.

எண்பத்தோராம் ஆண்டு. மாரி இன்னும் பிடிக்கவில்லை. கல்முனையில் காலையில் புறப்பட்ட பயணிகள் வான், மருதமுனையில் சாறன் துணிக் கட்டுகளையும் களுவாஞ்சிக்குடியில் அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு, கால் வைக்க இடமில்லாமல் வந்தது. பாலம் ஒரு வாகனம் போகும் அகலம்தான். அக்கரையிலிருந்து வருகிறவை வந்து முடியும்வரை இக்கரையில் காத்து நிற்க வேண்டும். ஏறினால் ஏறினதுதான். ஒதுங்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், கீழே ஊரார் ஆறு என்று சொல்லும் வாவி. முனாப் கண்ணை மூடிக்கொண்டே பாலத்தைத் தாண்டிவிடுவான் என்று மற்றச் சாரதிகள் பகிடியாகச் சொல்வார்கள்.

அன்றைக்குப் பாலத்தின் பாதியில் அவனுடைய நெஞ்சு ஒருதரம் தவறி விழுந்து, எழும்பி, ஓடத் தொடங்கியது. விரல் நுனியெல்லாம் விறைத்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் காணாமல் இருந்தது. வானுக்குள் கதைத்துக்கொண்டிருந்தவர்களின் குரல் கிணற்றின் அடியிலிருந்து கேட்பதுபோலத் தூரமாகப் போயிற்று. நான் மௌத்தாகப் போகிறேன், இத்தனை பேரையும் கொண்டுபோய் ஆற்றுக்குள் தள்ளப் போகிறேன் என்று நினைத்தான். வாய்க்குள் கலிமாவைச் சொல்லிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அக்கரை மண்ணில் சக்கரம் பட்டதும் வானை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிக் குந்திவிட்டான்.

வானின் சொந்தக்காரன் மசூர் கதவுப் படியிலிருந்து குதித்து ஓடிவந்தான். மசூர், முனாப்பின் மனைவி றாஹிலாவுக்குக் காக்கா, மூத்த சகோதரன். பயணிகளை ஏற்றி இறக்குவது அவன், ஓட்டுவது முனாப்.

"என்ன மச்சான்? ஏன் நிப்பாட்டின?"

"நெஞ்சு அடைக்கிது மச்சான். என்னைப் புடி."

வழியிலிருந்த ஒரு டிஸ்பென்சரியில் வயதான டொக்டர் ஒருவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகைத் தட்டிப் பார்த்தார். "இருதயம் கல்லு மாதிரி இரிக்கி. இது வாய்வு" என்று சொல்லிச் சிவப்பு மிக்ஸ்சர் ஒரு போத்தல் கொடுத்தார்.

வாய்வு என்றால் போத்தலோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே கிழமையில் பாலத்தில் மறுபடி வந்தது. பிறகு பாலம் வருவதற்கு முன்னமே, காத்தான்குடிக் கடைத்தெருவில் வந்தது. பிறகு ஆரையம்பதியில். கடைசியில் காலையில் வான் சாவியைக் கையில் எடுக்கும்போதே உள்ளங்கை வியர்த்தது. அது வந்துவிடுமோ என்ற பயமே அதைக் கொண்டுவரப் போதுமாக இருந்தது. முனாப் யாரிடமும் சொல்லாமல் தந்திரங்கள் செய்து பார்த்தான். கண்ணாடியை முழுக்க இறக்கி விட்டான். தேசிக்காயைக் கீறிப் புளிப்பு வாசத்தை மோந்துகொண்டு ஓட்டினான். டயரில் காற்றுக் குறைவு என்று பொய் சொல்லிப் பாலத்தடியில் நிறுத்தி மூச்சு வாங்கினான். ஒவ்வொரு தந்திரமும் இரண்டொரு நாள் வேலை செய்தது.

ஒருநாள் பாலத்தடியில் வரிசையில் நின்றபோது, எதிரே கடைசி வாகனம் வந்து இறங்கியது. இனி இவர்களுடைய முறை. பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். முனாப் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினான், கதவைத் திறந்தான், இறங்கினான், வந்த திசையிலேயே நடக்கத் தொடங்கினான்.

"மச்சான்! டேய் முனாப்!" மசூர் கத்தினான். வானுக்குள்ளிருந்து தூஷணம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பிள்ளையோடு வந்த பெண் ஒருத்தி காத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தை நடந்தே தாண்டினாள். முனாப் திரும்பிப் பார்க்கவில்லை. கொதிக்கிற தாரில் காத்தான்குடி மட்டும் நடந்தான்.

அங்கிருந்து பஸ் பிடித்து அவன் சாய்ந்தமருதில் வீட்டு வாசலை மிதிக்கும்போது கதை அவனுக்கு முன்னமே வந்திருந்தது. றாஹிலா செம்பை எடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மசூர் மறுநாள் வேறொரு சாரதியைப் பிடித்துக்கொண்டான்.

மாரி இறங்கியது. முனாப் பாயைவிட்டு எழும்புவது குறைந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் கதவோரம் நின்றான்; நடு வரிசையில் நின்றால் அது வந்துவிடும் என்று பயம். பிறகு ஜும்ஆவுக்கும் போகவில்லை. சோறு வாய்க்குள் மண்ணாக இருந்தது. விடியற்காலை ஃபஜ்ருக்கு முன்னமே முழிப்பு வந்துவிடும். அந்த நேரம் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்ததுபோல இருக்கும். பிள்ளைகள் இரண்டும் வாப்பாவிடம் வந்து நின்றுவிட்டு உம்மாவிடம் திரும்பிப் போயின.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேறு வான்காரன் சூனியம் செய்துவிட்டான் என்றார் ஒருவர். பாலத்தில் கெட்ட காற்றுப் பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். மூன்று வருடத்துக்கு முன் வந்த சூறாவளியில் தென்னை விழுந்து வீட்டுக் கூரை போனபோது உள்ளே புகுந்த பயம் இப்போது வெளியே வருகிறது என்றார்கள் சிலர். மாமியார் ஜுனைதா, ஓதிப் பார்க்கும் லெப்பையைக் கூட்டிவந்தார். லெப்பை நல்ல மனிதர். தலையில் கை வைத்து ஓதி ஊதினார், தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அவர் ஓதும் நேரம் முனாப்பின் மனம் அடங்கிக் கிடந்தது மெய்தான். அவர் வாசல் படலையைத் தாண்டியதும் அந்த அடக்கமும் அவரோடு போய்விட்டது. ஓதியும் சுகம் வராத ஆள் என்று இப்போது தன்மேல் அவனுக்கு இன்னும் வெறுப்பு வந்தது.

மழை விட்டிருந்த ஒரு பகல், றாஹிலா அயல் வீட்டில் நெல் காயப் போட்டுவிட்டு வந்தாள். பாயில் ஆளைக் காணவில்லை. பின்வளவுக்கு ஓடினாள். முனாப் கிணற்றுக் கட்டின்மேல், முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டு இருந்தான். அவளுடைய காலடி கேட்டும் அசையவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மெல்ல வந்து பக்கத்தில் இருந்து, அவனுடைய சாறன் தலைப்பைத் தன் கைக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச என்ன செய்றீங்க?"

"சும்மா."

"சும்மா எண்டா வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."

கொஞ்ச நேரம் அவன் எழும்பவில்லை. அவளும் பிடியை விடவில்லை. பிறகு எழும்பினான். அன்று அஸர் தொழுத கையோடு றாஹிலா, ஆஸ்பத்திரி மிட்வைஃப் சித்தி லைலாவின் வீட்டுக்குப் போனாள். தன் இரண்டு பிள்ளைகளையும் அவளுடைய கையில்தான் பெற்றிருந்ததால் ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள்.

"இதுக்கு மருந்து இரிக்கி புள்ள" என்றாள் சித்தி லைலா. "மட்டக்களப்புக்கு மாசத்துக்கு ஒருக்கா மன வருத்தம் பாக்கிற டொக்டர் வாறார். நல்லரெத்தினம் எண்டு. வெக்கப்படாமக் கூட்டிப் போ. அதுவரைக்கும் ஆளைத் தனிய விடாத."

றாஹிலா அன்றைக்கே கிணற்றுக்குப் பலகை போட்டு மூடுவித்தாள். உம்மா கேட்டதற்குப் பூனை விழும் என்றாள்.

மட்டக்களப்புக்குப் போவதென்றால் கல்லடிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பஸ்ஸில் றாஹிலா ஜன்னல் பக்கம் அவனை இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்லடியில் பஸ் வரிசையில் நின்றதும் அவன் கையை உதறினான்.

"எனக்கு ஏலாது புள்ள. இறக்கு. என்னை இறக்கு!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. றாஹிலாவுக்கு முகம் எரிந்தது. இறங்கினார்கள். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் பாலத்தில் ஏறியது. முனாப் ஒரு மதிலில் சாய்ந்து நடுங்கினான். வீட்டுக்குக் கிறுகிப் போய்விடலாம் என்றுதான் அவளுக்கும் வந்தது. கரையில் ஒரு மீன்பிடித் தோணி நின்றதைக் கண்டாள்.

"பாலம் ஏலாட்டி ஆத்தால போவம். வாங்க."

தோணிக்காரன் மறுக்கவில்லை. காற்று அடித்தது, தோணி ஆடியது, தண்ணீர் உள்ளே தெறித்தது. றாஹிலா பயத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு ஸலவாத்துச் சொன்னாள். முனாப் பேசாமல் இருந்தான். நடு ஆற்றில் அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதுல பயமில்லயா?"

அவனும் அப்போதுதான் யோசித்தான். "இல்ல" என்றான். ஆற்றுக்குள் விழுந்து சாகப் பயந்தவன் ஆற்றின் மேலேயே இருக்கிறான், நெஞ்சு சும்மா இருக்கிறது. இது என்ன வருத்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

கிளினிக்கில் வாங்குப் பலகையில் முனாப் தோள் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தான். ஊர் ஆள் யாரும் கண்டால் போதும், கதை பரவிவிடும். உள்ளே கூப்பிட்டார்கள். நல்லரெத்தினம் டொக்டர் கட்டையான மனிதர். மேசையில் பாதி குடித்த தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

முனாப் நாற்காலியில் இருக்குமுன்னமே கேட்டான். "என்னை அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்களா?"

"ஏன், அங்க ஆரும் சொந்தக்காரர் இரிக்காங்களா?"

முனாப்புக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டரும் சிரிக்கவில்லை. "அங்க போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்ல. இருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

அவன் சொன்னான். பாலம், காத்தான்குடி, சாவி, பாய். டொக்டர் இடையில் வெட்டாமல் கேட்டார். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, தொழுகையில் மனம் நிற்கிறதா என்றெல்லாம் கேட்டார். பிறகு, மழை பெய்ததா என்று கேட்பதுபோல அதே குரலில் கேட்டார்: "செத்துப்போனா நல்லம் எண்டு நினைச்சிருக்கீங்களா?"

முனாப் றாஹிலாவைப் பார்த்தான்.

"அவங்க இரிக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"ஓம்."

"அதுக்கு ஏதும் செய்யப் பாத்தீங்களா?"

முனாப் துண்டைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்தான். "கிணத்தடிக்குப் போனன் டொக்டர். புள்ளைகள் தண்ணி குடிக்கிற கிணறு. அதை நினைச்சு இரிந்திட்டன். அதுக்குள்ள இவ வந்திட்டா."

றாஹிலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனாலும் அவனுடைய வாயால் கேட்பது வேறாக இருந்தது.

டொக்டர் நாற்காலியைக் கிட்ட இழுத்தார். "நல்லம், சொன்னீங்க. இனி அந்த எண்ணம் வந்தா அந்த நேரமே இவங்களுக்குச் சொல்ல வேணும். அடுத்த கிளினிக் மட்டும் பொறுக்க வேணாம். ஆஸ்பத்திரிக்கு வரலாம்." பிறகு கேட்டார், "உங்கட பக்கம் வயல் காவலுக்குப் போற ஆக்கள் இரிக்காங்களா?"

"என்ட மூத்தாப்பாட வயல் வரிப்பத்தான்சேனையில. சின்ன வயசில போயிரிக்கன்."

"யானைக் காவல் பரணில ஒரு புதுக் காவல்காரன் இரிக்கான் எண்டு வையுங்க. காத்துக்குச் செடிப் பத்தை ஆடினாலும் 'ஆனை! ஆனை!' எண்டு கத்துறான். ஊரே தீப்பந்தத்தோட ஓடி வருது. உங்கட உடம்பில நடக்கிறது அதுதான். நெஞ்சு ஓடுறது, கை விறைக்கிறது, மூச்சு வாங்கிறது எல்லாம் உண்மை. ஆனை மட்டும் இல்ல. அதால நீங்க சாக மாட்டீங்க. கனநாள் கத்திக் கத்தி ஊரே களைச்சுப் போச்சுது. அதுதான் இந்தச் சோர்வும், சாகிற எண்ணமும்."

"எனக்கு ஏன் வந்த? சூறாவளியாலயா?"

"இரிக்கலாம். இல்லாமலும் இரிக்கலாம். காரணம் தெரிஞ்சாத்தான் மாத்தலாம் எண்டு இல்ல."

அவர் மருந்துக் குளிசையை முனாப்பின் கையில் கொடுக்கவில்லை, றாஹிலாவின் கையில் கொடுத்தார். "பூட்டி வையுங்க. நீங்கதான் ஒவ்வொண்டா எடுத்துக் குடுக்க வேணும். இது உடனே கேக்காது. ரெண்டு மூண்டு கிழமை செல்லும். முதல்ல வாய் காயும், தலை சுத்தும், சில பேருக்குப் படபடப்புக் கொஞ்சம் கூடும். பொய் சொல்ல மாட்டன். அந்த நேரத்திலதான் கனபேர் நிப்பாட்டிப் போடுற. நிப்பாட்டப்படாது." முனாப்பின் பக்கம் திரும்பினார். "குளிசை காவல்காரன்ட சத்தத்தைக் குறைக்கும். ஆனை இல்ல எண்டு அவன் கண்ணால காண வேணும். அதுக்கு நீங்க பாலத்துக்குப் போக வேணும். இப்ப இல்ல. நான் சொல்றன். அதுவரைக்கும் வான் சாவியத் தொடப்படாது."

அவர் சொன்னபடியே நடந்தது. வாய் காய்ந்தது. எழும்பி நின்றால் வீடு சுற்றியது. இரண்டாம் கிழமை படபடப்பு முன்பைவிட மோசமாயிற்று. முனாப் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "இந்த நஞ்சை இனித் தராத புள்ள" என்று கெஞ்சினான். றாஹிலா அலுமாரிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்திருந்தாள். அவளுக்கும் சந்தேகம்தான். டொக்டர் பொய் சொல்லமாட்டேன் என்று சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு குளிசையும் ஒரு கோப்பைத் தண்ணீருமாக அவன் முன்னால் நின்றாள். விழுங்கின பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.

அப்படி ஒரு மாலையில் மசூர் வந்துவிட்டான். குளிசையைக் கண்டான்.

"இது அந்தப் பைத்திய டொக்டர்ட குளிசையா? ஊருக்குத் தெரிஞ்சா என்னடி நடக்கும்? பைத்தியக் குளிசை திங்கிற றைவர்ட வானில ஆரு ஏறுவான்? என்ட வானையும் சேத்துத்தான் ஒதுக்குவானுகள்!"

"காக்கா, மெல்லக் கதைங்க. புள்ளைகள் இரிக்கி."

"மெல்லக் கதைக்கிற கதையா இது? லெப்பைக்கிட்ட இன்னொருக்காப் போங்க. இதை ஆத்துல வீசு."

றாஹிலா கோப்பையைக் கீழே வைத்தாள். தன் காக்காவை எதிர்த்து ஒரு நாளும் கதைக்காதவள். "கிணத்துக்குள்ள இரிந்து இவரைத் தூக்கியிரிந்தா, நீங்க வந்து மையத்துக் கட்டிலைத் தோளில சுமப்பீங்க. என்ன வருத்தம் எண்டு ஆரும் கேக்க மாட்டீங்க. இப்ப உசிரோட இரிக்கக்குள்ள மட்டும் ஏன் காக்கா கேக்கிறீங்க?"

மசூருக்குக் கிணற்றுக் கதை தெரியாது. பின்வளவுப் பக்கம் பார்த்தான், மூடியிருந்த பலகையைக் கண்டான். அவனுடைய முகத்தின் நிறம் மாறியது. "மச்சான்..." என்றான். மசூர் செருப்பைக்கூடச் சரியாகக் கொளுவாமல் போய்விட்டான்.

எந்த நாள் என்று சொல்ல முடியாது. ஒரு பகல் அடுப்படியிலிருந்து கீரிமீன் பொரிக்கிற வாசம் வந்தது. முனாப்புக்குப் பசித்தது. அவனே போய்ச் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படியில் குந்தினான். றாஹிலா மீனைப் புரட்டுகிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் மூச்சு விடப் பழக்கினார். வயிற்றால் மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுவது. பிறகு பாலத்துக்கு அனுப்பினார். அதுவும் ஒரே தரமாக இல்லை. முதலில் பாலத்தடியில் போய் நிற்க வேண்டும். பயம் வரும், ஏறும், நின்றால் தானாக இறங்கும். இறங்கின பிறகுதான் வீட்டுக்கு வரலாம். அது பழகினால் கொஞ்சம் உள்ளே.

றாஹிலா கூடப் போனாள். பாலத்தடியில் நிற்பது இரண்டு மூன்று தரத்தில் பழகியது. பாலத்துக்குள் கொஞ்சத் தூரம் போனதும், கீழே பலகைகளின் இடுக்கால் தண்ணீர் தெரிந்த இடத்தில், முனாப் கிறுகி ஓடினான். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கரைக்கு வந்ததும் அவனுக்கு உடனே சுகமாயிற்று. அதை டொக்டரிடம் சொன்னான்.

"அதுதான் கேடு" என்றார் அவர். "ஓடினதாலதான் தப்பினம் எண்டு காவல்காரன் படிச்சிருவான். ஓட வேணும்போல இரிக்கிற இடத்திலதான் நிக்க வேணும். பயம் போகட்டும் எண்டு சண்டை பிடிக்காதீங்க. வந்தா வரட்டும் எண்டு நில்லுங்க."

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலை அவர்கள் நடுப்பாலம் வரை போனார்கள். முனாப் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடியை விடச் சொன்னாள் றாஹிலா. விட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பஸ் பாலத்தில் ஏறியது. பாலம் முழுக்க அதிர்ந்தது. முனாப்பின் நெஞ்சு பாய்ந்தது. கை விறைத்தது, காது அடைத்தது, இரண்டு கரையும் எட்டாத தூரத்துக்கு விலகிப் போயின. பஸ் அவர்களைச் சட்டத்தோடு ஒட்ட வைத்துவிட்டு உரசிக்கொண்டு போனது. இப்போது ஓடினால் கரை. கால் தானாகத் திரும்பியது. றாஹிலா அவனுடைய தோளைப் பிடித்தாள்.

"என்னைப் புடிக்காத புள்ள" என்றான். "புடிச்சா நான் உன்னைப் புடிச்சிட்டுத்தான் நிப்பன்."

அவள் கையை எடுத்தாள். அவன் நின்றான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. வரட்டும் என்று சொல்ல முயன்றான், வாயில் எச்சில் இல்லை. அது ஏறியது, ஏறியது, இனித் தாங்க ஏலாது என்ற இடத்துக்கும் மேலே ஏறியது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு, அவன் ஒன்றும் செய்யாமலே, இறங்கத் தொடங்கியது. தூண்டில்காரன் ஒருவன் மீனை இழுத்துப் பலகையில் போடும் சத்தம் கிட்டத்தில் கேட்டது. முனாப் மெல்ல மூச்சை விட்டான்.

"போச்சுதா?" என்று றாஹிலா கேட்டாள்.

"போகல்ல. போய்க்கொண்டிரிக்கி."

அவர்கள் அப்படியே அக்கரைக்கு நடந்தார்கள்.

பிறகும் பல தரம் போனார்கள், வந்தார்கள். பஸ்ஸில் இருந்து தாண்டினான். வெறும் வானை ஓட்டித் தாண்டினான். மசூர் பக்கத்தில் இருந்தான். டொக்டர் சரி என்று சொன்ன பிறகு, நோன்புப் பெருநாளுக்கு முன்னே, மசூர் மற்றச் சாரதியை நிறுத்த, முனாப் மறுபடி ஆட்களை ஏற்றத் தொடங்கினான். குளிசை தொடர்ந்தது. ஊருக்கு மசூர் சொன்ன கதை, மச்சானுக்கு அல்சர் என்பது. முனாப் அதை மறுக்கவில்லை.

அந்தப் பொய் நிலைக்கவில்லை. ஒருநாள் நிறைந்த வானோடு நடுப்பாலம் வந்தபோது, முன்னால் போன நெல் லொறி குலுங்கி நின்றுவிட்டது. லொறிக்காரன் இறங்கி மூடியைத் திறந்தான், கரும்புகை வந்தது. பின்னால் வேறு வாகனங்கள் ஏறிவிட்டன. முன்னாலும் ஏலாது, பின்னாலும் ஏலாது. வெயில் வானின் தகரத்தைச் சுட்டது. குழந்தை ஒன்று அழுதது.

முனாப் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தொடைமேல் வைத்தான். அது வந்துவிட்டது என்று தெரிந்தது.

பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்: "இவர்தானே அண்டைக்குப் பாலத்தடியில வானை விட்டுட்டு ஓடின றைவர்?"

கதவுப் படியில் நின்ற மசூர் அவசரமாகச் சொன்னான், "இல்ல இல்ல, அது வேற ஆள். அண்டைக்கி இவருக்கு வயித்துல..."

"ஆளைத் தெரியாதா எனக்கு? இவர்தான். இப்ப வேர்க்கிறதைப் பாருங்க. கதவைத் திற தம்பி, நாங்க இறங்கி நடக்கிறம்."

இரண்டொருவர் எழும்பினார்கள். வான் ஆடியது. முனாப்பின் காதுக்குள் இரத்தம் இரைந்தது. கதவு அவனுடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மசூர் கண்ணால் கெஞ்சினான்: பேசாமல் இரு.

முனாப் திரும்பினான். குரல் நடுங்கியது, அதை மறைக்க அவனுக்குச் சக்தி இல்லை.

"ஓம். நான்தான். எனக்குப் பாலத்தில பயம் வாற வருத்தம். மன வருத்தம் பாக்கிற டொக்டர்ட மருந்து எடுக்கிறன். இப்பவும் பயம் வந்துதான் இரிக்கி. கொஞ்சத்தில போயிரும். வான் நிண்டுதான் இரிக்கி, ஓடல்ல. இறங்கிறவங்க இறங்குங்க. நான் இறங்க மாட்டன்."

கேட்ட மனிதரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி, சட்டத்தோரமாக நடந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். இறங்கிப் போக மூட்டை முடிச்சு விடாததால் சிலர் இருந்திருக்கலாம். குழந்தையின் தாய் முன்னிருக்கைக்கு எட்டி, தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். முனாப் வாங்கிக் குடித்தான். லொறியின் இயந்திரம் இருமி இருமிப் பிடித்தபோது அவனுடைய நெஞ்சு ஏற்கனவே அடங்கியிருந்தது. சாவியைத் திருப்பி, முதல் கியரில் மெதுவாக எடுத்தான்.

அக்கரையில் ஆட்கள் இறங்கின பிறகு மசூர் வானின் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். "முடிஞ்சு மச்சான். நாளைக்கு ஒருத்தனும் ஏற மாட்டான்."

"ஏறாட்டி வேற றைவரைப் புடி" என்றான் முனாப். "எனக்கு இனி அல்சர் இல்ல."

மசூர் வேறு சாரதியைப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை. சில மாதங்களுக்கு ஆட்கள் குறைந்தது மெய். சந்தியில் பைத்தியத்தைச் சொல்லி 'விசர் வான்' என்று பேர் வைத்தார்கள். மருதமுனை நெசவு முதலாளி ஒருவர் தன் சாறன் கட்டுகளை வேறு வானுக்கு மாற்றினார். அந்தக் கிழமைகளில் முனாப்புக்குப் பழைய சோர்வு இரண்டு தரம் எட்டிப் பார்த்தது. றாஹிலாவிடம் உடனே சொன்னான், ஒரு தரம் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கூட்டினார். ஒரு வருடமாவது எடுக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்லத்தான் குறைக்கலாம் என்றார்.

ஒருநாள் கல்முனையில் எல்லோரும் இறங்கின பிறகும் ஒரு மனிதர் இறங்காமல் இருந்தார். பாண்டிருப்புப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் என்று முகம் தெரியும். மசூர் தேத்தண்ணிக்குப் போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு லொறி நிண்டபோது உங்கட வானுக்குப் பின்னால நிண்ட பஸ்ஸிலதான் நானும் இரிந்தன். ஆக்கள் சொல்லிக் கேட்டன். என்ட மனிசி... புள்ள பிறந்து மூணு மாசம். எழும்புறா இல்ல. புள்ளையைத் தூக்கிறா இல்ல. அழுறதும் இல்ல இப்ப. அந்த டொக்டர் என்னைக்கு வாறார்?"

முனாப் கிளினிக் நாளைச் சொன்னான். எந்தக் கதவால் உள்ளே போகவேண்டும், எந்த வாங்கில் இருக்கவேண்டும் என்பதையும் சொன்னான்.

"அங்கொடைக்கு அனுப்பிருவாங்களா?"

"என்னை அனுப்பல்ல வாத்தியார். அதுவரைக்கும் அவங்களைத் தனிய விடாதீங்க. அண்டைக்கி விடிய வெள்ளண வாங்க. முன் சீட்டு வெச்சிரிக்கன்."

அந்த நாள் அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வாத்தியார் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று வான் நிறைந்துகொண்டே போனது. கல்லடியில் வரிசையில் நின்றபோது முனாப்பின் உள்ளங்கை லேசாக வியர்த்தது. சாறனில் துடைத்துக்கொண்டான். எதிரே வந்துகொண்டிருந்த வாகனங்கள் முடியும் மட்டும் பக்கத்திலிருந்த பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கடைசியாக ஒரு மாட்டுவண்டி ஆடி ஆடி வந்து இறங்கியது.

"போவமா?" என்று படியிலிருந்து மசூர் கேட்டான்.

"ஓம்" என்று சொல்லி முனாப் வானைப் பாலத்தில் ஏற்றினான்.